சாயங்காலம் ஏழு மணி, அரைக்கிலோ மாட்டுக்கறி: கொத்துக்கறியா, குக்கர் சுக்காவா, வதக்கலா?

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிடுகிற வீட்டில் மாட்டுக்கறி எடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. கறியில் மாவுச்சத்து இல்லை, 100 கிராமுக்கு 20 கிராமுக்குக் குறையாமல் புரதம் இருக்கிறது. விலையும் ஆட்டுக்கறிக்கு எத்தனையோ தேவலை. மீதிப் பாதிக் கவலைதான் பெரிசு: ஏழு மணிக்கு அடுப்பைப் பற்ற வைத்தால் எட்டு மணிக்குத் தட்டில் இருக்குமா?

மூன்று வழி இருக்கிறது. கைமா போட்டுக் கொத்துக்கறி, துண்டு போட்டுக் குக்கரில் வேகவைத்துச் சுக்கா, மெல்லிசாக அரிந்து பெரிய தீயில் வதக்கல். வேலை நாள் ராத்திரிக்கு எங்கள் ஓட்டு கொத்துக்கறிக்குத்தான். ருசியில் சுக்காவே ஒரு படி மேலே, அதில் சண்டை இல்லை. ஆனாலும் கொத்துக்கறி ஜெயிப்பதற்குக் காரணம் மாட்டின் வயசு.

தமிழ்நாட்டில் 1958-ஆம் வருஷத்து விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாது என்று சான்று வாங்கிய மாட்டையோ, நிரந்தரமாக முடமாகிப்போன மாட்டையோதான் அறுக்கலாம். ஆகவே மதுரை நெல்பேட்டைப் பக்கம் வாங்கினாலும் சரி, ஊர்ப்புறத்துச் சந்தையில் வாங்கினாலும் சரி, கைக்கு வருவது முற்றின கறி. வெளிநாட்டு வீடியோவில் ஒரு பக்கம் மூணு நிமிஷம், மறுபக்கம் மூணு நிமிஷம் என்று ஸ்டேக் போடுகிறார்களே, அது ஒன்றரை, இரண்டு வயசில் அறுத்த மாடு. சதையைக் கட்டி வைத்திருக்கிற கொலாஜன் என்னும் நார்ப்புரதம் இளங்கறியில் சீக்கிரம் கரைந்து ஜெலட்டின் ஆகிவிடும். வயசு ஏற ஏற அந்த நார்களுக்குள் குறுக்குப் பிணைப்பு இறுகும். சூடு பட்டாலும் லேசில் விடாது. நம் ஊர்க் கறியை அதே மூணு நிமிஷக் கணக்கில் வாட்டினால் செருப்புத் தோல்தான்.

இந்த நாரை உடைக்க வழி இரண்டே. கத்தியால் வெட்டு, இல்லையென்றால் ரொம்ப நேரம் வேகவை. கொத்துக்கறியில் அந்த வேலையைக் கசாப்புக்கடைக் கத்தி முடித்துக் கொடுத்துவிடுகிறது. சுக்காவில் குக்கர் செய்யவேண்டும், அது எப்போது முடிக்கும் என்பது திறந்து பார்த்தால்தான் தெரியும்.

"எத்தனை விசில்?" என்று கேட்காத ஆள் கிடையாது, அதற்கு ஒழுங்கான பதிலும் கிடையாது. இரண்டு செ.மீ. துண்டாக வெட்டிய அரைக்கிலோ கறியை உப்பு, மஞ்சள்தூள், கால் டம்ளர் தண்ணீரோடு ஏற்றி, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிஷம் வைப்பது பொதுக் கணக்கு. ஆவி தானாக அடங்க 10 நிமிஷம். திறந்து ஒரு துண்டை நசுக்கினால் நசுங்கவில்லை. திரும்ப மூடி, ஆவி கட்டி, 10 நிமிஷம் வைத்து, மறுபடி அடங்கவிட்டால் இன்னொரு இருபத்தைந்து நிமிஷம் போச்சு. அதற்கப்புறம் தண்ணீரை வற்றவைத்துச் சுருட்ட 15 நிமிஷம். போன வாரம் 20 நிமிஷத்தில் வெந்தது என்றால் அது போன வாரத்து மாட்டின் சங்கதி. தொடை, முன்னங்கால் என்று இடம் மாறினாலும் கணக்கு மாறும். எருமையா மாடா என்பதும் உண்டு. கொழுப்பு பால்வெள்ளையாகவும் சதை கருஞ்சிவப்பாகவும் இருந்தால் பெரும்பாலும் எருமை, கொழுப்பு மஞ்சளடித்தால் மாடு. எருமைக்கு ஐந்து நிமிஷம் கூட்டி வைப்பது நல்லது, இதுவும் கைக்கணக்குதான். பசியோடு இருக்கிற நீரிழிவுக்காரர் இந்த இடைவெளியில்தான் மிக்சர் டப்பாவைத் திறப்பார்.

கொத்துக்கறிக்கு அப்படி ஒரு சூதாட்டம் இல்லை. எந்த மாடானாலும் 25, 30 நிமிஷம்.

ஆனால் கடையிலேயே சரியாகக் கேட்டு வாங்கவேண்டும். "ஜவ்வு எடுத்துட்டுக் கைமா போடுங்கண்ணே, கூட ஐம்பது கிராம் கொழுப்பு சேத்துக் கொத்துங்க" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஜவ்வு எடுக்காவிட்டால் நறுக் நறுக்கென்று பல்லில் மாட்டும், அதை எந்த வேக்காடும் சரி பண்ணாது. கொழுப்புச் சேர்க்காவிட்டால் வெந்த கறி மணல் மாதிரி உதிரும். அரிசியைக் குறைத்தவருக்கு வயிறு நிறைய அந்தக் கொழுப்பும் தேவை.

வீட்டுக்கு வந்ததும் கைமாவைக் கழுவக்கூடாது. நம் பெண்டுகளிடம் இதைச் சொன்னால் முறைப்பார்கள், நியாயம்தான். வழி என்னவென்றால், முழுத்துண்டாக இருக்கும்போதே கழுவித் துணியால் ஒற்றிவிட்டு, பிறகு வீட்டில் கொத்துவது. அரைமணி நேரம் ஃப்ரீசரில் விறைக்கவைத்த சின்னத் துண்டுகளை மிக்ஸியில் விப்பரில் மூணு நாலு தட்டுத் தட்டினால் போதும். ஓடவிட்டால் விழுதாகிவிடும். கொத்தின கறியைக் கழுவினால் அத்தனை சந்திலும் தண்ணீர் ஏறிக்கொள்ளும். அப்புறம் சட்டியில் கறி வறுபடாது, அவியும்.

இனி அடுப்பு. அகலமான இரும்புச்சட்டி, பெரிய தீ, இரண்டு மேசைக்கரண்டி கடலெண்ணெய். எண்ணெய் லேசாகப் புகைய ஆரம்பித்ததும் அரைக்கிலோ கைமாவைப் பரப்பி, கரண்டியால் அழுத்திவிட்டு மூணு நிமிஷம் கையை வைக்காதீர்கள். அடியில் செம்பழுப்பு ஏறட்டும். அப்புறம் புரட்டி உடைத்துவிட வேண்டும். கறி தண்ணீர் விடும், சட்டி களகளவென்று கொதிக்கும். இங்கே பயந்துபோய்த் தீயைக் குறைப்பதுதான் பெரும்பாலானவர்கள் செய்கிற தப்பு. தீ அப்படியே இருக்கட்டும். ஐந்தாறு நிமிஷத்தில் களகள சத்தம் அடங்கி, சடசடவென்று பொரிகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் மாறுகிற இடம்தான் கொத்துக்கறியின் உயிர். அதற்கு முன்னால் வெங்காயத்தையோ தக்காளியையோ போட்டால் அவையும் தண்ணீர் விட்டு, கடைசிவரை கறி சாம்பல் நிறத்திலேயே கிடக்கும்.

சத்தம் மாறியதும் கறியை ஓரம் ஒதுக்கி, நடுவில் அரை ஸ்பூன் சோம்பு, ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு, இரண்டு ஈர்க்கு கறிவேப்பிலை. பொரிந்ததும் ஒரு பெரிய வெங்காயம் பொடியாக அரிந்தது, கீறின பச்சைமிளகாய் மூணு, இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை ஸ்பூன். பச்சை வாசம் போனதும் மஞ்சள்தூள், ஒரு ஸ்பூன் மிளகாய்த்தூள், இரண்டு ஸ்பூன் மல்லித்தூள், உப்பு. அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, மூடி, சிறுதீயில் 12 நிமிஷம். திறந்து தீயைக் கூட்டிச் சுண்டவைத்து, ஒன்றரை ஸ்பூன் மிளகைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவி இறக்கவேண்டும். மூணு பேருக்குத் தாராளம். சூடாகவே பரிமாறுங்கள், மாட்டுக்கொழுப்பு ஆறினால் உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும்.

வெங்காயத்தைப் பெரிசு என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. மதுரைக் கைப்பக்குவத்தில் சுக்காவுக்கு அரைக்கிலோ கறிக்குக் கால்கிலோ சின்ன வெங்காயம் போவது சாதாரணம். சின்ன வெங்காயத்தில் 100 கிராமுக்கு நார் போக 12 முதல் 14 கிராம் மாவுச்சத்து உண்டு. மூணு பேர் பங்கிட்டால் ஆளுக்குப் பத்து, பதினொரு கிராம். நாளுக்கு 50 கிராம் என்று வரையறை வைத்திருப்பவருக்கு அது ஐந்தில் ஒரு பங்கு, வெங்காயத்துக்கே போய்விட்டது. ஒரே ஒரு பெரிய வெங்காயம் என்றால், 75 கிராம் எடை, ஆளுக்கு இரண்டு கிராம் சொச்சம். சுக்காவைக் குறைந்த வெங்காயத்தில் செய்யலாம், ஆனால் அந்தச் செம்மண் நிற மசாலாப் பிடிப்பு வராது. கசகசா, முந்திரி, பொட்டுக்கடலை அரைத்து விடுகிற பழக்கம் இருந்தால் அதையும் நிறுத்தவேண்டும். 65 மசாலாப் பாக்கெட்டில் சோளமாவோ அரிசிமாவோ இருக்கிறதா என்று பின்பக்கம் திருப்பிப் பாருங்கள்.

மெல்லிசு வதக்கல் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. கறியை ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் விறைக்கவைத்து, நாருக்குக் குறுக்கே மூணு மி.மீ. கனத்தில் அரிந்து, அரைக்கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி பச்சைப் பப்பாளி விழுது தடவி 20 நிமிஷம். அதற்கு மேல் விட்டால் வெளிப்புறம் கூழாகும், உள்நார் அப்படியே இருக்கும். ஒரு தடவைக்கு 150 கிராம்தான் சட்டியில் போடவேண்டும். மொத்தமாகக் கொட்டினால் சூடு இறங்கித் தண்ணீர் கட்டும். முதுகெலும்பின் உள்பக்கம் ஒட்டியிருக்கிற அண்டர்கட் கிடைத்தால் இந்த வழி பிரமாதம், குடமிளகாயோடு ஐந்து நிமிஷத்தில் வேலை முடியும். அது ஒரு மாட்டுக்கு இரண்டே துண்டு. கடைக்காரர் வாடிக்கைக்காரருக்கு முதல்நாளே எடுத்து வைத்துவிடுவார்.

ஈரலும் சீக்கிரம் ஆகும், எட்டு நிமிஷம் போதும். அதில் 100 கிராமுக்கு நாலு கிராம் அளவுக்கு மாவுச்சத்து உண்டு. வைட்டமின் ஏ மிகமிக அதிகம் என்பதால் வாரம் ஒருதரத்துக்கு மேல் வேண்டாம், கர்ப்பிணிகளுக்கு வேண்டவே வேண்டாம்.

சுக்காவுக்கு நியாயம் செய்ய ஒன்றைச் சொல்லவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஒன்றரைக் கிலோ எடுத்து, குக்கர் வேக்காடு மட்டும் முடித்து, வேகவைத்த தண்ணீரோடு மூணு டப்பாவில் பிரித்து ஃப்ரீசரில் வைத்துவிட்டால், வேலை நாளில் அது கொத்துக்கறியையே தோற்கடிக்கும். காலையில் கீழ்த்தட்டுக்கு மாற்றிவைத்தால் ராத்திரி 15 நிமிஷத்தில் சுக்கா. அப்படித் திட்டமிடுகிற வீடு என்றால் இந்த அலசலே வேண்டாம். கைமாவை அப்படிப் பச்சையாக நாள் கடத்த முடியாது. கத்தி பட்ட இடமெல்லாம் கிருமி பரவியிருக்கும், வாங்கின அன்றே சமைக்கவேண்டும், நடுவில் துளி சிவப்பு இல்லாமல் வேகவும் வேண்டும்.

தொட்டுக்கொள்ள என்ன? கேள்வியையே மாற்றிக் கேட்கவேண்டும், எதன்மேல் போட்டுச் சாப்பிடுவது? 60 கிராம் மைதாவில் போட்ட ஒரே பரோட்டாவில் 45 கிராம் மாவுச்சத்து. முட்டைக்கோஸ் பொரியலும் வெள்ளரிக்காயும் போதும் என்பவர்கள் பாக்கியசாலிகள். மற்றவர்களுக்கு மதுரைக் கறிதோசையிலிருந்து மாவை மட்டும் கழற்றிவிடலாம். ஆளுக்கு இரண்டு முட்டையை உப்பு, மிளகு போட்டு அடித்து, மிதமான சூட்டில் இருக்கிற தோசைக்கல்லில் ஊற்றிப் பரத்துங்கள். மேல்பக்கம் ஈரமாக இருக்கும்போதே மூணு கரண்டி கொத்துக்கறியைத் தூவி, தோசைக்கரண்டியின் முதுகால் அழுத்தி, ஓரத்தில் நல்லெண்ணெய் விட்டு ஒரு நிமிஷம் மூடிவையுங்கள். திருப்பிப் போட்டு அரை நிமிஷம். கறி நன்றாகச் சுண்டியிருந்தால்தான் திருப்பும்போது முட்டை கிழியாது. சுக்காத் துண்டை வைத்து இதைச் செய்தால் துண்டு துருத்திக்கொண்டு நிற்கும், கல்லில் ஒரு பக்கம் படாது.

இன்சுலின் போடுகிறவர்களும், சர்க்கரையை இறக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்களும் சோற்றைச் சட்டென்று நிறுத்தினால் சர்க்கரை கீழே போய்விடக்கூடும். மருந்தளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டு பிறகு தோசைக்கல்லைப் போடுங்கள்.