பழைய வீட்டில் கார் சார்ஜர் போடலாமா? லோடு பார்க்க வந்தவர்களைப் பற்றி

எலக்ட்ரிக் கார் புக் பண்ணுவதற்கு முன்னாடியே வயரிங் தாங்குமா என்று தெரிந்துகொள்ள, வீட்டுக்கு வந்து லோடு பார்த்துச் சொல்லும் ஒரு சேவையைக் கூப்பிட்டேன். கொடுத்த காசுக்குத் தகும். காரணம் ஒன்றுதான், அவர்கள் அளந்து பார்த்துச் சொன்னார்கள். அதற்கு முன் வேறு இடத்திலிருந்து வந்தவர் மெயின் போர்டைத் திறக்காமலே "7 கிலோவாட் தாராளமா போடலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார், அதை நம்பியிருந்தால் அவ்வளவுதான்.

வீடு கட்டி 40 வருஷத்துக்கு மேல் ஆகிறது. சிங்கிள் ஃபேஸ், மெயினில் 40 ஆம்பியர், அதாவது 230 வோல்ட்டில் மொத்தமே 9.2 கிலோவாட். வந்த எலக்ட்ரீஷியன் ஏசி, கீசர், மோட்டார், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிட்டு மெயின் வயரில், அதில் ஓடும் கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை மாட்டினார். 28 ஆம்பியர் காட்டியது. மீதி 12தான். 7.4 கிலோவாட் சார்ஜரோ தனியாகவே 32 ஆம்பியர் இழுக்கும், அதுவும் கீசர் மாதிரி கால் மணி நேரத்தில் நிற்காது, மணிக்கணக்கில் இழுத்துக்கொண்டே இருக்கும், பழைய வயரிங்கில் எங்காவது ஒரு இணைப்பு லூஸாக இருந்தால் அது சூடாகிக்கொண்டே போக அந்த நேரம் போதும்.

எங்கள் போர்டில் அப்படி ஒன்று இருந்தது. லோடு ஓடிக்கொண்டிருக்கும்போதே சூட்டை நிறமாகக் காட்டும் தெர்மல் கேமராவில் காட்டினார், நியூட்ரல் வயர்கள் சேரும் பட்டையில் (நியூட்ரல் லிங்க்) ஒரே ஒரு ஸ்க்ரூ மட்டும் சூட்டில் மஞ்சளாகத் தெரிந்தது. மெயினை அணைத்துவிட்டுப் பார்த்தால் அந்த இடத்தில் வயரின் மேலுறை பழுப்பாகி, விரல் பட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. இத்தனை வருஷமும் அதன் கீழேதான் எங்கள் செருப்பு ஸ்டாண்ட் இருக்கிறது.

அப்புறம் எர்த்திங். கார் நிற்கும் இடத்தில் இருந்த பிளக்கில் மூன்று ஓட்டை இருந்தாலும் எர்த் வயர் எதிலும் சேரவில்லை. எர்த் இல்லையென்றால் பல சார்ஜர்கள் ஆன் ஆகவே ஆகாது. கரண்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதாரண ஆர்.சி.சி.பி.யும் போதாதாம். கார் பக்கமிருந்து டிசி கசிவு வந்தால் அது சரியாக ட்ரிப் ஆகாமல் போகலாம், அதனால் டிசி கசிவையும் பிடிக்கும் டைப் பி ஆர்.சி.சி.பி., இல்லையென்றால் டைப் ஏ-வோடு 6 மில்லி ஆம்பியர் டிசி கசிவைக் கண்டுபிடிக்கும் வசதி வேண்டும் என்றார்கள்.

எனக்கு மிகவும் பிடித்தது, பெரிய சார்ஜரைத் தலையில் கட்டப் பார்க்கவில்லை. ராத்திரியில் வீட்டு லோடு குறைந்துவிடும், 16 ஆம்பியரில் 8 மணி நேரம் போட்டாலே 29 யூனிட் வரும், யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் என்று வைத்தாலும், வீணாவது போக 150 கிலோமீட்டருக்குக் குறையாது. மெயின் போர்டிலிருந்து அதற்கென்று தனி வயர், லோடு மீறினால் அணைந்துவிடும் தனி எம்.சி.பி. சுவிட்ச், வீட்டில் லோடு ஏறினால் சார்ஜர் தானே குறைத்துக்கொள்ள மெயினில் ஒரு சென்சார். இவ்வளவுதான் பரிந்துரை.

குறை என்றால் ரிப்போர்ட். அரைப் பக்கம், அதில் அளந்த எண்கள் எதுவுமே இல்லை. மின் வாரியத்தில் கூடுதல் லோடு கேட்பதாக இருந்தாலும் வேறு எலக்ட்ரீஷியனிடம் வேலையைக் கொடுப்பதாக இருந்தாலும் அந்த எண்கள்தானே வேண்டும்? விடாமல் கேட்டபிறகுதான் இன்சுலேஷன், எர்த் அளவுகளோடு முழுசாக எழுதிக் கொடுத்தார்கள். கூப்பிடும்போதே இதைச் சொல்லிவிடுங்கள்.