இலவச வாசல்: பான்ஃப் மலையா, பீற்றர்பரோ கால்வாயா?

2025 கோடையில் கனடா அரசு தேசியப் பூங்காக்களின் கட்டண வாசலைத் திறந்துவிட்டது. ஜூன் 20 முதல் செப்டம்பர் 2 வரை நுழைவுக் கட்டணம் கிடையாது. கூடாரம் போட்டுத் தங்கினால் கால்வாசித் தள்ளுபடி. செய்தியைக் கேட்டதும், ஊரிலிருந்து வந்திருந்த மாமா, "அப்படியென்றால் பான்ஃபுக்கே போய்விடுவோமே" என்றார்.

பான்ஃப் மேற்கே ரொக்கி மலைத்தொடரில் இருக்கும் தேசியப் பூங்கா. கணக்குப் போட்டேன். ரொறன்ரோவிலிருந்து கல்கரிக்கு விமானம், அங்கிருந்து வாடகைக் காரில் ஒன்றரை மணி நேரம், அதன் மேல் கோடைக்கால விடுதி வாடகை. இவ்வளவுக்கும் நடுவில் மிச்சமாவது நாளொன்றுக்கு ஆளுக்குப் பத்துப் பன்னிரண்டு டொலர். பதினேழு வயது வரையான பிள்ளைகளுக்கு அதுவும் முன்பே இலவசம். அந்தப் பூங்காவில் உள்ள மொரெய்ன் ஏரிக்கு 2023 முதல் சொந்தக் காரில் போக முடியாது. பஸ்ஸில் இடம் பிடிக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. பனியாறு அரைத்த கல்மாவு கலந்து நீலப்பச்சையாகக் கிடக்கும் அந்தத் தண்ணீருக்கு எவ்வளவு கொடுத்தாலும் தகும் என்பது வேறு விஷயம்.

எங்கள் ஒன்ராறியோ மாகாணத்திலேயே இருக்கும் புரூஸ் தீபகற்பத் தேசியப் பூங்கா காரில் நான்கு மணி நேர ஓட்டம். அங்குள்ள கடற்குகைபோன்ற குரோட்டோவைப் பார்க்கவும் கார் நிறுத்த முன்பதிவு வேண்டும். ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவை ஒட்டிய ரூஜ் தேசிய நகர்ப்புறப் பூங்காவுக்கோ என்றைக்குமே கட்டணம் இல்லை.

அதே பூங்காத் துறை நடத்தும் பழைய கால்வாய்களின் கதை வேறு. அங்கே கட்டணம் படகுக்குத்தான். நாட்டின் 150ஆவது ஆண்டான 2017இல் படகுகளையும் இலவசமாகவே விட்டார்கள். கரையில் நின்று பார்ப்பவரிடம் யாரும் டிக்கெட் கேட்பதில்லை. ஆகவே படகில்லாத நம்மைப் போன்றவர்களுக்கு அரசின் சலுகையால் புதிதாக ஒன்றும் கிடைக்கவில்லை; கிடைக்க வேண்டியது ஏற்கெனவே கையில் இருக்கிறது.

ஒட்டாவாவிலிருந்து கிங்ஸ்டன் வரை 202 கிலோமீற்றர் ஓடும் ரிடோ கால்வாய் 1832இல் திறக்கப்பட்டது. 2007 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. நாடாளுமன்றக் குன்றின் அடியிலேயே எட்டு லாக் தொட்டிகள், அதாவது தண்ணீரை நிரப்பியும் வடித்தும் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டிகள், படிக்கட்டுப் போல அடுக்கி நிற்கின்றன. கதவுகளை ஊழியர்கள் இன்றும் கையால் சுற்றித்தான் திறக்கிறார்கள்.

ஆனால் மாமாவைப் பீற்றர்பரோவுக்கே கூட்டிப்போனேன். ஸ்காபரோவிலிருந்து ஒன்றரை மணி நேரம். மாமி கட்டிய புளிச்சோறு ஆறுவதற்குள் போய்விட்டோம். 386 கிலோமீற்றர் நீளமான ட்ரெண்ட்-செவர்ன் நீர்வழியில் 1904இல் திறந்த படகுத் தூக்கி அங்கேதான் இருக்கிறது. இரண்டு பெரிய தொட்டிகள், ஒன்று மேலே, மற்றது கீழே. மேல் தொட்டிக்குள் ஓரடி தண்ணீர் கூடுதலாக விடுகிறார்கள். அது கனத்துக் கீழே இறங்க, மற்றது படகுகளோடு ஏறத்தாழ 20 மீற்றர் மேலே வருகிறது. மாமா இரண்டு தரம் பார்த்துவிட்டு, "மோட்டார் எங்கே?" என்று கேட்டார். தூக்குவது தண்ணீரின் எடைதான் என்றேன். நம்பாமல் கம்பி வேலியோரம் குனிந்து தேடிக்கொண்டிருந்தார்.

ஒரு வாரம் கூடாரத்தில் தங்க மனமும் உடம்பும் இருந்தால் பான்ஃபுக்குப் போங்கள். 2025 கோடையில் உண்மையான மிச்சம் அந்தக் கூடாரத் தள்ளுபடியில்தான் இருந்தது. ஒரு நாள்தான் கையில் இருக்கிறது, கூடவே முதியவர்கள் என்றால் பீற்றர்பரோ. மே நடுப்பகுதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரைதான் படகுகள் ஓடும்.