பழைய லென்ஸ் வாங்கப் போகிறீர்களா? 67,500 ரூபாயை இழந்தவன் எழுதுகிறேன்

நேற்று ராத்திரி அந்தக் கடைக்காரர் என்னை வாட்ஸ்அப்பில் பிளாக் செய்துவிட்டார். அதுவரை பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று பொறுமையாக இருந்தேன். இனி பொறுமை எதற்கு? 67,500 ரூபாய். படம் எடுத்துச் சம்பாதிக்கிறவன் இல்லை நான். கல்யாண ஆர்டர், பிறந்தநாள் ஆர்டர் எதுவும் கிடையாது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து, லீவு நாளில் குளத்தங்கரையில் உட்கார்ந்து பறவை படம் எடுக்கிறவன். அந்தக் காசு போயிருக்கிறது.

பழைய கேமரா, லென்ஸ் வாங்கும்போது என்னென்ன பார்க்க வேண்டும் என்பதைக் கடைசியில் விளக்கமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஊர் திருநெல்வேலி. கூந்தன்குளம் பறவைகள் சரணாலயம் பக்கத்தில்தான் என் படங்கள் எல்லாம். கையில் இருப்பது நிக்கான் டி7500 பாடி, கூடவே ஒரு 70-300 லென்ஸ். மரத்தில் கூடு கட்டியிருக்கும் மஞ்சள்மூக்கு நாரைக்கு அது போதும், ஊருக்குள்ளேயே கிட்டத்தில் கிடைக்கும். ஆனால் குளத்தின் நடுவில் இறங்குகிற வாத்துக் கூட்டத்துக்கு எட்டாது. அதனால் நிக்கான் 200-500 எஃப் 5.6 லென்ஸ் மேல் ரொம்ப நாளாக ஒரு கண். டி7500 மாதிரிச் சின்ன சென்சார் பாடியில் அதைப் போட்டால் 750 மி.மீ. அளவுக்கு இழுத்துக் காட்டும். டிரைபாடில் மாட்டுகிற காலர் வளையம் சேர்த்து 2.3 கிலோ கனம், ஆனால் பறவைக்காரர்கள் அந்தக் கனத்தைக் குறையாகச் சொல்ல மாட்டார்கள். புதிதாக வாங்கினால் லட்சத்தைத் தொடும், அதனால் பழையதில் தேடினேன்.

கிடைத்த கடை, படம் போடுகிற ஒரு ஆப்பில் பக்கம் வைத்துப் பழைய கேமரா சாமான் விற்கிற வகை. சென்னையில் கடை இருப்பதாகப் போட்டிருந்தார்கள். "மின்ட் கண்டிஷன், நோ பங்கஸ், நோ ஸ்க்ராட்ச், பாக்ஸ் உண்டு, 7 நாள் செக்கிங் வாரண்டி." பங்கஸ் என்றால் லென்ஸ் கண்ணாடியில் பிடிக்கிற பூஞ்சை. லென்ஸ் 64,000. படத்தில் சீரியல் நம்பர் இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு பட்டை அடித்திருந்தார்கள். கேட்டதற்கு, "வேற ஆளுங்க அந்த நம்பரை எடுத்து ஃபேக் விளம்பரம் போடுறாங்க சார், அதான்" என்றார். கேட்கும்போது சரியாகத்தான் இருந்தது.

"வீடியோ கால்ல வாங்க சார், மறைச்சு விக்கிற பழக்கம் நமக்குக் கிடையாது" என்று அவராகவே கூப்பிட்டார். லென்ஸின் இரண்டு மூடியையும் கழற்றி, பின்னாலிருந்து டார்ச் அடித்துக் காட்டினார். ஜூம் வளையத்தை முழுசாகத் திருப்பிக் காட்டினார். பாடியில் மாட்டி, ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மாடியை ஃபோகஸ் செய்து காட்டினார். ஒரு தூசி தெரியவில்லை. அப்புறம் ஒரு கேள்வி கேட்டார்: "கூந்தன்குளம் சைடுங்களா சார்? வரித்தலை வாத்து வந்துடுச்சா இந்த வருஷம்?"

அவ்வளவுதான், விழுந்துவிட்டேன். மங்கோலியா பக்கமிருந்து இமயமலையைத் தாண்டி நம் குளத்துக்கு வருகிற பறவை அது. அதன் தமிழ்ப் பெயரைச் சரியாகச் சொல்லி, வந்தாச்சா என்று ஒரு கடைக்காரர் விசாரித்தால் பறவை பார்க்கிறவனுக்கு மனசு இளகாமல் இருக்குமா? அதன்பிறகு லென்ஸைப் பற்றிப் பேசவே இல்லை, கால் மணி நேரம் பறவைப் பேச்சுதான். "நம்ம ஆளுங்களுக்குத்தான் சார் இந்த மாதிரி பீஸைக் கொடுக்கணும்னு நினைப்பேன்" என்றார். அந்த ஆப்பில் என் பக்கத்தில் நான் போட்டிருந்த படங்களில் பாதி வரித்தலை வாத்துதான். போன் போடுமுன் அதைப் பார்த்துவைத்துக்கொண்டு கேட்டிருக்கிறார். நேற்று ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோதுதான் அது உறைத்தது.

பணம் கேட்கும்போது இன்னொன்றையும் சேர்த்தார். "எடிட்டிங்குக்கு என்ன சார் வச்சிருக்கீங்க? 3,500 சேர்த்துப் போடுங்க, லைட்ரூம் லைஃப்டைம் போட்டுத் தரேன், மாசா மாசம் கட்ட வேணாம்." லைட்ரூம் என்பது படங்களைத் திருத்துகிற மென்பொருள். ஆக மொத்தம் 67,500. யூபிஐயில் அனுப்பினேன். கடை பெயரில் கணக்கு இல்லை, ஒரு தனி ஆள் பெயர் வந்தது. "அது நம்ம தம்பி கணக்கு சார்." பில் கேட்டதற்கு, "ஜி.எஸ்.டி. பில்னா 18 சதவீதம் தனியா ஆகும், எஸ்டிமேட் போட்டுத் தரேன்." எஸ்டிமேட்டில் லென்ஸ் பெயரும் தொகையும் இருந்தன. சீரியல் நம்பர் இல்லை. 67,500 ரூபாய்க்கு ஒரு துண்டுச் சீட்டு!

பார்சல் வந்தது. பாக்ஸ், தெர்மாகோல், பபுள் சுற்றல் எல்லாம் அருமை. அடுத்த லீவுக்கே குளத்துக்குப் போனேன். கேமராவின் சின்னத் திரையில் படங்கள் நன்றாகத்தான் தெரிந்தன. வீட்டுக்கு வந்து கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் எல்லாப் படத்திலும் வலது பக்கம் மொழுக்கென்று இருக்கிறது. இடது பக்கத்து கூழைக்கடாவின் இறகைத் தனித்தனியாக எண்ணலாம், வலது பக்கத்தில் இருப்பது கூழைக்கடாவா சாக்குமூட்டையா என்று தெரியாது. வெயிலுக்கு எதிரே எடுத்ததில் படம் முழுக்கப் பால் கலந்த வெளுப்பு.

மறுநாள் செய்தித்தாளின் முழுப் பக்கத்தைச் சுவரில் ஒட்டி, டிரைபாடில் கேமராவை நேராக நிறுத்தி, எஃப் 5.6-இல் வைத்து எடுத்துப் பார்த்தேன். நடுவிலும் இடது மூலையிலும் எழுத்து படிக்க வருகிறது. வலது மூலை இரண்டும் கரைந்து கிடக்கின்றன. இது ஃபோகஸ் கோளாறு இல்லை. ஃபோகஸ் முன்பின் ஆகியிருந்தால் நடுவும் சேர்ந்து கெட்டிருக்கும். ஒரு பக்கம் மட்டும் போகிறதென்றால் உள்ளே ஒரு கண்ணாடி அச்சு விலகி உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் கீழே விழுந்த லென்ஸ், இல்லையென்றால் சரியாகத் தெரியாதவர் பிரித்து மாட்டிய லென்ஸ். அப்புறம் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். உள்ளே, ஓரத்திலிருந்து நடுவை நோக்கிச் சிலந்தி வலை மாதிரிக் கிளை பிரிந்து ஓடுகிறது பங்கஸ்.

வீடியோ கால் பேசும்போது சும்மா எடுத்து வைத்த ஸ்க்ரீன்ஷாட் ஒன்று போனில் இருந்தது. அதில் ஜூம் வளையத்துக்கு மேலே பெயின்ட் கொஞ்சம் உதிர்ந்திருக்கிறது. என் கையில் இருக்கும் லென்ஸில் அந்த இடம் பளபளவென்று இருக்கிறது. காட்டியது ஒன்று, அனுப்பியது வேறொன்று!

செக்கிங் வாரண்டி முடிவதற்குள்ளேயே எல்லாவற்றையும் படம் பிடித்து அனுப்பிவிட்டேன். இனி வந்த பதில்களைப் பாருங்கள்.

"அது பங்கஸ் இல்ல சார், டஸ்ட். 200-500ல எல்லா பீஸ்லயும் இருக்கும்."

"உங்க ஊர்ல ஈரப்பதம் ஜாஸ்தி சார், வந்த பிறகு புடிச்சிருக்கும்." சென்னைக் கடற்கரைக் காற்றில் இருந்துகொண்டு திருநெல்வேலிக்காரனிடம் சொல்கிறார். ஒரு வாரத்துக்குள் கண்ணாடியில் இவ்வளவு பெரிய கிளை ஓடாது, ஈரத்தில் மாசக்கணக்கில் கிடந்தால்தான் இப்படி ஆகும்.

"உங்க பாடியில பிராப்ளம் சார், ஃபைன் டியூன் பண்ணிப் பாருங்க." ஃபோகஸ் முன்பின் போவதைப் பாடியிலேயே சரிசெய்கிற வசதி அது. அதையும் பண்ணினேன். அதே 70-300 லென்ஸை அதே பாடியில் மாட்டி அதே செய்தித்தாளை எடுத்து அனுப்பினேன், நான்கு மூலையும் தெளிவு. அதற்குப் பதில் வரவில்லை. நீல டிக் மட்டும் வந்தது.

"பார்சல்ல அடிபட்டிருக்கும், கூரியர்ல கேளுங்க." கூரியர்காரர்கள், அனுப்பியவர்தான் கேட்க வேண்டும் என்றார்கள். அனுப்பியவர், வாங்கியவர்தான் கேட்க வேண்டும் என்றார்.

"ஓனர் ஊர்ல இல்ல ப்ரோ, திங்கட்கிழமை வருவார்." எந்தத் திங்கட்கிழமை என்று சொல்லவில்லை. இதில் வேடிக்கை, வீடியோ காலில் தன்னை ஓனர் என்று சொல்லிக்கொண்டவரும் இவர்தான். குரல் தெரியாதா எனக்கு?

இந்த இழுத்தடிப்பில் அந்த 7 நாள் போய்விட்டது. போன கையோடு, "செக்கிங் வாரண்டி முடிஞ்சிடுச்சே ப்ரோ" என்று ஒரு மெசேஜ்.

நிக்கான் சர்வீஸில் சீரியல் நம்பரைக் கொடுத்து விசாரித்தேன். இந்தியாவுக்கு முறையாக இறக்குமதியான பீஸ் இல்லையாம். மதுரையில் லென்ஸ் பிரித்து வேலை பார்க்கும் ஒருவரிடம் எடுத்துக்கொண்டு போனேன். மனுஷர் மவுன்ட், அதாவது லென்ஸ் பாடியில் மாட்டுகிற இடத்துப் பக்கத்து ஸ்க்ரூக்களைப் பார்த்ததுமே சொல்லிவிட்டார், "இது ஏற்கெனவே திறந்த லென்ஸ் தம்பி." தலை தேய்ந்திருந்தது, இரண்டு ஸ்க்ரூ வேறு நிறம். பங்கஸைத் துடைத்து எடுக்கலாம், ஆனால் அது கக்குகிற அமிலம் கண்ணாடி மேல் பூசிய கோட்டிங்கை அரித்திருந்தால் தடம் போகாது, அச்சை மறுபடி நேராக்கித் தர தன்னிடம் கருவி இல்லை என்றார். பார்த்ததற்குக் காசும் வாங்கவில்லை. இந்தத் தொழிலில் இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

லைட்ரூம் கதை தனி. வாட்ஸ்அப்பில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் பாஸ்வேர்டும் அனுப்பி, இதைப் போட்டு உள்ளே போங்கள் என்றார்கள். முகவரியைப் பார்த்தால் ஏதோ ஒரு கல்லூரியுடையது. கல்லூரி மொத்தமாக வாங்கிய கணக்கில் ஒரு இடத்தை உருவி எனக்கு விற்றிருக்கிறார்கள். போன வாரம் அந்தக் கணக்கு செத்துவிட்டது. படங்கள் என் கணினியில்தான் இருந்தன, அதனால் பிழைத்தேன். ஆனால் எடிட் செய்கிற டெவலப் பகுதி பூட்டிக்கொண்டது, எடிட் செய்ததைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், அதற்குமேல் தொட முடியாது. ஒரு விஷயம் தெரிந்துகொள்ளுங்கள்: ஒரே தடவை காசு கொடுத்து வாங்குகிற லைட்ரூம் 2015-இல் வந்த 6-ஆம் பதிப்போடு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு வந்த எல்லாமே சந்தா. இன்று யாராவது புது லைட்ரூமை "லைஃப்டைம்" என்று விற்றால், திருடியதோ உடைத்ததோதான், மூன்றாவது வகை கிடையாது. நிக்கான் வைத்திருப்பவர்களுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ என்ற எடிட்டிங் மென்பொருள் சும்மாவே கிடைக்கிறது. டார்க்டேபிளும் சும்மாதான், பழகக் கொஞ்ச நாளாகும். நான் இப்போது அதில்தான் தட்டுத்தடுமாறிக்கொண்டிருக்கிறேன்.

கடைசியாக நேற்று மாலை போனில் பேசினேன். 67,500-இல் பாதியாவது திருப்பித் தாருங்கள், லென்ஸை நானே செலவு செய்து அனுப்புகிறேன் என்றேன். "பாதியா? செகண்ட்ஸ்னா அப்படித்தான் இருக்கும். கேஸ் போடணுமா, மெட்ராஸ் வந்து போடுங்க, வந்து போற செலவே லென்ஸ் காசைத் தாண்டிடும்" என்று சிரித்தார். வரித்தலை வாத்து வந்துடுச்சா என்று கேட்ட அதே வாய்.

அவருக்குத் தெரியாதது ஒன்று. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சென்னைக்குப் போக வேண்டியதில்லை. பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. இன்று காலை 1915-இல் நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தாயிற்று. அந்த யூபிஐ கணக்கைப் பற்றி 1930 என்ற இணைய மோசடி உதவி எண்ணுக்கும் சொல்லியிருக்கிறேன். ஸ்க்ரீன்ஷாட், எஸ்டிமேட், பணம் போன விவரம், செய்தித்தாள் படங்கள் எல்லாவற்றையும் வரிசையாக எடுத்து வைத்திருக்கிறேன்.

விளக்கமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். இப்போது கை நடுங்குகிறது, மனசில் நிற்பதை மட்டும் சொல்கிறேன். சீரியல் நம்பர் இல்லாத பில்லுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நம்பரை மறைத்துப் போட்ட விளம்பரத்தைத் தாண்டிப் போய்விடுங்கள். வீடியோ காலை ரெக்கார்ட் செய்யுங்கள், நம்பரைக் கேமரா முன்னால் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். சாம்பிள் படம் கேட்டால் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் சாதாரணமாக வந்தால் எந்த லென்ஸில் எடுத்தது என்ற விவரமே அழிந்துவிடும். எனக்கு வந்த மீன்கொத்திப் படம் அப்படி வந்ததுதான், ஒரிஜினல் கேட்டதற்கு "டெலிட் ஆயிடுச்சு". பார்சலைப் பிரிப்பதையும் வீடியோ எடுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். முடிந்தால் நேரில் போய், செய்தித்தாளைச் சுவரில் ஒட்டி எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

கடை பெயர் என்ன, நம்பர் என்ன என்று இன்பாக்ஸில் கேட்காதீர்கள். புகார் நடக்கிறது, இப்போது சொல்ல முடியாது. இதே மாதிரி வீடியோ காலில் ஒன்றைக் காட்டி வேறொன்றை அனுப்பி யாராவது ஏமாந்திருந்தால் மட்டும் ஸ்க்ரீன்ஷாட்டோடு எழுதுங்கள், என் புகாரோடு சேர்க்க முடியுமா என்று கேட்டுச் சொல்கிறேன்.