நேரடிப் பயிலரங்கா, தீக்ஷா படிப்பா?

சிபிஎஸ்இ பள்ளி ஆசிரியர்கள் ஆண்டுக்கு 50 மணி நேரம் பயிற்சி பெற வேண்டும். அறிவியல் எடுப்பவர்கள் அந்த நேரத்தை எதில் செலவிடலாம்: நேரடிப் பயிலரங்கிலா, மத்திய அரசின் இணையவழிக் கற்றல் தளமான தீக்ஷாவிலா?

செலவு: தீக்ஷா தளம் இலவசம், கைபேசி போதும். பயிலரங்குக்கு ஒரு சனிக்கிழமை போய்விடும். சிலவற்றில் கட்டணமும் உண்டு.

கைப்பழக்கம்: பெரிய வித்தியாசமே இதில்தான். நுண்ணோக்கியில் பார்க்க வெங்காயத் தோலைச் சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயத்தில் நனைத்து, காற்றுக்குமிழி இல்லாமல் கவர் ஸ்லிப் என்ற மெல்லிய கண்ணாடியால் மூடுவது காணொளியில் புரியும், ஆனால் கை பழகாது. பயிலரங்கில் குமிழி வந்தால், "சாய்த்துப் பிடித்து மெதுவா இறக்குங்க டீச்சர்" என்று பக்கத்திலிருப்பவரே சொல்லிவிடுவார்.

மறுபடி பார்க்க: தீக்ஷாதான்.

பாடக் கருத்தில் தெளிவு தேடும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குத் தீக்ஷா சரி. ஆறு முதல் எட்டு வரை எடுப்பவர்கள் தயங்காமல் பயிலரங்குக்குப் போங்கள். வானியல் பாடத்துக்கு மட்டும் சென்னை கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.