நாலு கமரா, ஒரு ஒழுங்கை: ஏழு மாதம் பாவித்தபின் எழுதுவது

எங்கள் ஒழுங்கை வடகொழும்பில் இருக்கிறது. பதினான்கு வீடு, முகப்பில் ஒரு பலசரக்குக் கடை, அவ்வளவுதான். அந்தப் பதினான்கு வீட்டுக்காரரும் கடைக்கார அண்ணனும் காசு போட்டு வாங்கிய சிசிடிவி கமரா செட்டைப் பற்றித்தான் எழுதுகிறேன், ஏனென்றால் இப்போது கொழும்பில் பல ஒழுங்கைகளில் இதே யோசனைதான் ஓடுகிறது, வாங்கலாமா, எதை வாங்கலாம், வாங்கினால் பிரயோசனம் உண்டா என்று என்னிடமே நாலைந்து பேர் கேட்டுவிட்டார்கள். ஆட்களையும் இடத்தையும் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். ஏன் என்பது வாசிக்கும்போது விளங்கும்.

சாமான் இதுதான்: 2 மெகாபிக்சல் கமரா நாலு, நாலு சனல் டிவிஆர் (கமராப் படத்தைப் பதிவு செய்கிற பெட்டி) ஒன்று, 1 டெராபைட் ஹார்ட் டிஸ்க், பவர் சப்ளை, வயர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் பல கடை ஏறி இறங்கி, பூட்டுக்கூலியோடு 62,000 ரூபாவுக்கு முடித்தோம். வீட்டுக்கு 4,000, மீதி 6,000 கடைக்கார அண்ணன். இரண்டு வீட்டுக்காரர் மூன்று தவணையாகத் தந்தார்கள், அதற்கும் யாரும் முகம் சுளிக்கவில்லை. கம்பனிப் பெயரைச் சொல்லவில்லை, நான் சொல்லப்போகும் குறைகள் இந்த விலைக்கு வருகிற எந்த செட்டிலும் இருக்கக்கூடியவை.

ஏன் வாங்கினோம்? 2025 பெப்ரவரி 19 காலையில் புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சாட்சிக் கூண்டும் நீதவானும் பொலிஸும் இருக்கிற இடத்தில், சட்டத்தரணி உடுப்பில் வந்த ஒருவர் பாதாள உலகக் கும்பல் தலைவன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி வந்தது நடுவில் வெட்டிக் குடைந்த சட்டப் புத்தகத்துக்குள். புதுக்கடை எங்களுக்கு நடந்து போகிற தூரம். அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போன தாய்மார் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: கோர்ட்டுக்குள்ளேயே சுடலாம் என்றால் நம்ம கேட் என்ன கணக்கு? அதன் பிறகு மாதக் கணக்கில் செய்தியைத் திறந்தால் துப்பாக்கிச் சூடுதான். எங்களுக்கு அடுத்த வீதியிலும் ஒன்று நடந்தது. அந்த நாட்களில்தான் கடைக்கார அண்ணனுக்கு வெளிநாட்டு நம்பரிலிருந்து வாட்ஸ்அப்பில் அழைப்பு வரத் தொடங்கியிருக்கிறது. கப்பம் ஐந்து லட்சம். மனுசன் இரண்டு கிழமை மனைவிக்குக்கூடச் சொல்லாமல் வைத்திருந்தார். பருப்பும் சீனியும் விற்று மூன்று பிள்ளைகளைப் படிப்பிக்கிற ஒரு ஆள், முகம் தெரியாத ஒருவன் தன் மகளின் பள்ளிக்கூடப் பெயரையும் விடுகிற நேரத்தையும் சொன்னதைக் கேட்டு இரவிரவாக முழித்திருந்திருக்கிறார். இதை எழுதும்போதும் எனக்குக் கோபம் வருகிறது.

சரி, கமராவுக்கு வருகிறேன். பகலில் படம் நன்றாக இருக்கிறது, பதினைந்து அடிக்குள் வருகிற முகத்தைத் தெரிந்தவர் என்றால் தயக்கமில்லாமல் அடையாளம் சொல்லலாம். இரவில் கறுப்பு வெள்ளை. ஆள் தெரியும், உடுப்பு தெரியும், முகம் தெரு விளக்கைப் பொறுத்தது. வாகன இலக்கத்தகடு இரவில் சரிவராது, இதைக் கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார்கள்: கமராவின் இன்ஃப்ராரெட் வெளிச்சம் தகட்டில் பட்டுத் திரும்புவதால் இலக்கம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைத் திட்டுதான் விழும். தகடு வேண்டுமென்றால் அதற்கென்று தனிக் கமரா, குறுகிய கோணத்தில், தாழ்வாகப் பூட்ட வேண்டும், செலவு வேறு. தகட்டை மட்டும் நம்பியும் பயனில்லை, இந்த வேலைக்கு வருகிறவர்கள் களவெடுத்த மோட்டார் சைக்கிளிலும் போலித் தகட்டோடும் வருவது நாட்டில் எல்லாருக்கும் தெரிந்த விசயம்.

பூட்டியவர் நாலு கமராவையும் பன்னிரண்டு அடி உயரத்தில் பூட்டிவிட்டார். கை எட்டாது, உடைக்க முடியாது என்பது அவர் கணக்கு. ஆனால் அந்த உயரத்திலிருந்து தெரிவது ஹெல்மெட்டின் மண்டைதான். பிறகு நாங்களே முஸ்லிம் நானா ஒருவரின் உதவியோடு, அவர் எங்கள் ஒழுங்கையிலேயே வயரிங் வேலை செய்கிறவர், ஒழுங்கை வாயில் கமராவை மட்டும் எட்டடிக்கு இறக்கினோம். அந்த ஒரு மாற்றம்தான் பிற்பாடு கை கொடுத்தது. இன்னொன்று நேரம். ஒருமுறை கரண்ட் போய் வந்தபின் டிவிஆரின் மணிக்கூடு நாற்பது நிமிடம் பிந்தி ஓடியிருக்கிறது, எங்களில் ஒருவரும் பார்க்கவில்லை. வீட்டுப் பாவனைக்கு அது சின்ன விசயம். கோர்ட்டுக்குப் போகிற பதிவுக்கு அதுவே எதிர்த்தரப்புக்குப் பிடி. இங்கே கணினிப் பதிவையும் ஒளிப்பதிவையும் சாட்சியமாக ஏற்க 1995ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது, அதனால் பதிவு செல்லும், ஆனால் அது ஒழுங்காக வேலை செய்த கருவியில் எடுத்தது என்று காட்ட வேண்டும். கிழமைக்கு ஒருமுறை நேரத்தைச் சரிபாருங்கள். ஒரு சின்ன யூபிஎஸ்ஸும் வாங்குங்கள், அந்தக் காசைப் பார்க்க வேண்டாம். டிவிஆரோடு வருகிற பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள். எங்கள் செட்டில் பதிவு பதினாலு பதினைந்து நாள் நிற்கும், அதன்பின் பழையதன் மேல் புதியது ஏறும்.

பூட்டி நாலு மாதம் போனபின் ஒரு இரவு ஒன்பதரைக்குக் கடை ஷட்டரில் இரண்டு வெடி. அண்ணன் அப்போதுதான் பூட்டிவிட்டு உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு குண்டு ஷட்டரைத் துளைத்து அரிசி மூட்டைக்குள் போயிருந்தது. ஒருவருக்கும் காயமில்லை, அது தெய்வச் செயல். நாங்கள் எட்டுப் பத்துப் பேர் கூடி, எங்கள் வீட்டு முன் அறையில் டிவிஆரைப் போட்டுப் பார்த்தோம். எதிர்பார்த்ததுதான்: ஒரு மோட்டார் சைக்கிள், இருவர், முகம் மூடிய ஹெல்மெட், தகட்டில் வெள்ளைத் திட்டு. சுட்டு முடித்துப் போக பதினொரு செக்கன். பிறகு நானாதான் சொன்னார், முந்தின நாட்களையும் பார்ப்போம் என்று. மூன்று நாள் முந்தி பகல் நேரம், அதே மோட்டார் சைக்கிள் மெதுவாக வந்து திரும்புகிறது. ஒழுங்கை முனையில் ஒரு பொடியன் போனைக் காதில் வைத்துக்கொண்டு கடைப்பக்கம் கை காட்டுகிறான். எட்டடியில் இறக்கிய கமரா. முகம் கண்ணாடி மாதிரி.

எங்கள் ஒழுங்கைப் பொடியன். பதினேழு வயது. படிப்பை விட்டு ஒரு வருசம், ஐஸ் போதைப் பழக்கம் இருக்கிறது என்று அரசல்புரசலாகத் தெரியும், யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. அவனுடைய தாய் அந்த அறையிலேயே நின்றாள். முதலில் கண்டுபிடித்ததும் அவள்தான். கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை. அப்புறம் அவள் கடைக்கார அண்ணனைப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "நீங்க போய்க் குடுங்க அண்ணே, நான் வேணாம்னு சொல்லல. ஆனா ஆயுதம் காட்டன்னு சொல்லி என் புள்ளைய ராத்திரியில கூட்டிட்டுப் போனா நான் யாருகிட்ட போய்க் கேக்குறது?"

அவள் சொன்னது கற்பனைப் பயம் இல்லை. பெரிய போதைப்பொருள் கும்பல் தலைவன் மாகந்துரே மதூஷை டுபாயிலிருந்து கொண்டுவந்தார்கள், 2020 ஒக்டோபரில் மாளிகாவத்தைக்கு ஹெரோயின் மறைத்த இடத்தைக் காட்டப் பொலிஸ் கூட்டிப் போனபோது அவர் சுடப்பட்டு இறந்தார். 2021 மே மாதத்தில் ஊரு ஜுவா, கொஸ்கொட தாரக என்று பாதாள உலக ஆட்கள் இருவர், ஒரு சில நாள் இடைவெளியில், இருவரும் பொலிஸ் பொறுப்பில் இருக்கும்போது. 2025 பெப்ரவரியில் கொட்டாஞ்சேனைச் சூட்டுக்குப் பிடிபட்ட சந்தேகநபர்களும் அப்படித்தான். ஒவ்வொரு தடவையும் சனம் சந்தோசப்பட்டது. நானும்தான், மறைக்கவில்லை, பெப்ரவரியில் "இவங்களுக்கு இதுதான் சரி" என்று நானும் சொன்னவன். அந்த அறையில்தான் எனக்கு மற்றப் பக்கம் தெரிந்தது. அப்படிச் சுடுகிறபோது முதலில் சாவது தகவல். மதூஷ் கோர்ட்டில் நின்று வாய் திறந்திருந்தால் எந்தக் கதவுகள் திறந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இரண்டாவது சாவது எங்களைப் போன்றவர்களின் வாய். பிள்ளையை உயிரோடு திருப்பித் தருவார்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் எந்தத் தாயும் பிள்ளையைக் காட்டிக்கொடுக்கமாட்டாள், எந்த அயலவனும் அதற்குத் துணை நிற்கமாட்டான், கமராப் பதிவு பதினைந்தாம் நாள் தானாக அழியும், கடைக்கார அண்ணன் கப்பத்தைக் கட்டுவார்.

தூக்கில் போடு என்கிறவர்களும் இருக்கிறார்கள். இங்கே கடைசியாகத் தூக்கில் போட்டது 1976இல். மீண்டும் தொடங்கினாலும் டுபாயில் இருந்துகொண்டு வாட்ஸ்அப்பில் கப்பம் கேட்கிறவனின் கழுத்துக்குக் கயிறு எட்டாது. 2023 டிசம்பரில் போதைப்பொருளுக்கு எதிராகப் பொலிஸ் தொடங்கிய யுக்திய நடவடிக்கையில் ஆயிரக்கணக்கில் பிடித்தார்கள், அதில் எத்தனை பேர் எங்கள் பொடியன் மாதிரி ஐஸுக்கு அடிமையான பிள்ளைகள்? விடியற்காலையில் கதவைத் தட்டி வீடு வீடாகச் சோதிப்பதைக் கொழும்புத் தமிழருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை, 2007 ஜூனில் லொட்ஜ்களிலிருந்த எங்கள் சனத்தைப் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியதையும் உயர் நீதிமன்றம் அதை நிறுத்தியதையும் பார்த்தவர்கள் நாங்கள். மொத்தமாகச் சந்தேகப்படுகிற பொலிஸுக்கு யாரும் தனியாக வந்து உண்மை சொல்வதில்லை. மற்றப்பக்கம், 2025 ஓகஸ்டில் கெஹெல்பத்தர பத்மே உட்பட பாதாள உலக ஆட்கள் ஐந்து பேரை ஜகார்த்தாவில் பிடித்தது, இந்தோனேசியப் பொலிஸோடு சேர்ந்து பொறுமையாகச் செய்த வேலை. உயிரோடு பிடித்து, உயிரோடு கொண்டுவந்து, விசாரித்தார்கள். இது தொடர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

எங்கள் கதைக்கு வருகிறேன். அன்றிரவே தெரிந்த சட்டத்தரணி ஒருவரைப் பிடித்தோம். அவர் சொன்னபடி மறுநாள் பொடியனைத் தாயோடு சட்டத்தரணி ஊடாக நேரே நீதிமன்றத்தில் சரணடைய வைத்தோம். அதனால் அவன் எங்கே, யார் பொறுப்பில் இருக்கிறான் என்பது முதல் நிமிடத்திலிருந்தே நீதவானுக்குத் தெரியும். பதிவைக் கொடுக்க ஒருவர் மட்டும் போகவில்லை, பன்னிரண்டு வீட்டிலிருந்து ஆள் போனோம், தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாரும். ஒரு வீட்டை மிரட்டலாம், பன்னிரண்டு வீட்டையும் ஒரே இரவில் மிரட்ட முடியாது என்று சொன்னவர் பக்கத்து வீட்டு எழுபது வயது ஐயா. சாட்சிகளைப் பாதுகாக்க 2015இல் வந்த சட்டத்துக்குப் பதிலாக 2023இல் 10ஆம் இலக்கச் சட்டம் கொண்டுவந்தார்கள், அதற்கென்று ஒரு அதிகாரசபை இருக்கிறது, சாட்சியை மிரட்டுவதே தனிக் குற்றம், வேறு இடத்திலிருந்து காணொளி வழியாகச் சாட்சி சொல்லவும் இடம் உண்டு. இதெல்லாம் சட்டத்தரணி சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். முறைப்பாடு கொடுக்கப் போகிற ஒவ்வொருவரின் கையிலும் இதை எழுதிய ஒரு தாளை, தமிழிலும் சிங்களத்திலும், பொலிஸே கொடுக்க வேண்டாமா? வாக்குமூலத்தைத் தமிழில் எழுத ஆள் இல்லாமல் நாங்கள் மூன்று மணித்தியாலம் காத்திருந்தோம். பயந்தபடி வந்த ஒரு ஆளுக்கு அந்த மூன்று மணித்தியாலம் எழுந்து போய்விடப் போதும்.

வழக்கு நடக்கிறது, பொடியன் பிணையில் இருக்கிறான், இதற்கு மேல் எழுதக்கூடாது. அவனை ஐஸிலிருந்து மீட்க ஒரு இடம் தேடி அவனுடைய தாய் அலைந்த அலைச்சல் தனிக் கதை. போன மாதத்திலிருந்து நானாவோடு வயரிங் வேலைக்குப் போகிறான். அவனை மன்னிக்காத வீடுகளும் ஒழுங்கையில் இருக்கின்றன, கடைக்கார அண்ணியே இன்னும் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை, அதை நான் பிழை சொல்லமாட்டேன். கடை திறந்திருக்கிறது, ஆனால் எட்டு மணிக்கே மூடுகிறார்கள்.

சரி, வாங்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வாங்குங்கள், ஆனால் தனி வீடாக வாங்காமல் ஒழுங்கையாகச் சேர்ந்து வாங்குங்கள். படத்துக்கு ஐந்தில் மூன்றரை தருவேன், இரவுக்கு இரண்டு, காசுக்கு நாலு. டிவிஆரை முகப்புக் கடையில் வைக்க வேண்டாம், உள்ளே ஒரு வீட்டில், கண்ணில் படாத இடத்தில். ஏதும் நடந்தால் அன்றைக்கே பென் டிரைவில் இரண்டு பிரதி எடுத்து வேறு வேறு வீட்டில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க்கைக் கேட்டால் ரசீது இல்லாமல் கொடுக்க வேண்டாம். எங்களுடையது இன்னும் திரும்பி வரவில்லை, புதிதாக ஒன்று வாங்க வீட்டுக்கு 1,000 ரூபா சேர்த்துக்கொண்டிருக்கிறோம்.