50 எம்எம்மா, 85 எம்எம்மா: ஆள் படம் எடுக்க எதை வாங்கலாம்?

கேனானின் கிராப் சென்சார் கேமரா (ஒளியைப் படமாக்கும் சில்லு சிறியதாக இருக்கும் வகை) வைத்திருப்பவர், முகப்படங்களுக்கென்று ஒரு லென்ஸ் தேடினால் பேச்சு கடைசியில் இந்த இரண்டில்தான் வந்து நிற்கும்: 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம், 85 எம்எம் எஃப் 1.8 யுஎஸ்எம். எம்எம் எண் கூடினால் லென்ஸ் தூரத்தில் இருப்பதைப் பெரிதாகக் காட்டும்; எஃப் எண் லென்ஸின் திறப்பு, எண் சிறியதானால் திறப்பு பெரிது; கடைசி எழுத்துகள் ஃபோகஸ் மோட்டாரின் வகை. நான் 85-ஐ இரண்டு நாள் வாடகைக்கு எடுத்துப் பார்த்துவிட்டு 50-ஐத்தான் வாங்கினேன்.

விலையில் 85 பல மடங்கு அதிகம். எடை 425 கிராம். 50 வெறும் 160 கிராம். இதெல்லாம் தெரிந்த கதைதான்.

என்னை முடிவெடுக்க வைத்தது தூரம். கிராப் சென்சாரில் தலையும் தோளும் அடங்க 50-க்கு நாலரை அடி தள்ளி நின்றால் போதும், 85-க்கு ஏழரை அடி வேண்டும். இடுப்பு வரை என்றால் ஆறரை அடி, பதினோரு அடி. முழு உருவத்துக்குப் பதினைந்து, இருபத்தைந்து. நம் வீட்டு அறை பத்துக்குப் பன்னிரண்டு. அதிலும் கட்டில், பீரோ எல்லாம் போக மிச்சம் எவ்வளவு இருக்கும்? பாட்டியை ஜன்னலோரம் உட்காரவைத்து 85-ஐ மாட்டினால் நான் வாசற்படியைத் தாண்டி ஹாலில் நிற்க வேண்டியிருந்தது. அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். அங்கிருந்து நான் சத்தம் போட்டுச் சொல்ல, என்ன சொல்கிறேன் என்று புரியாமல் நெற்றியைச் சுருக்கிக்கொண்டே இருந்தார், எல்லாப் படத்திலும் அந்தச் சுருக்கம்தான். 50-ஐ வைத்துக்கொண்டு பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பழைய வீட்டு மாட்டைப் பற்றிக் கேட்டேன். பேசிக்கொண்டே சிரித்தார், அதுதான் இப்போது சட்டம் போட்டுச் சுவரில் இருக்கிறது.

50-இல் ஒரு ஆபத்து உண்டு. முகம் மட்டும் வேண்டும் என்று மூன்று அடிக்குள் போனால் மூக்கு பெரிதாகவும் காது சின்னதாகவும் விழும். இது லென்ஸின் குற்றம் இல்லை, நாம் நிற்கும் தூரத்தின் வேலை. நாலரை அடியிலேயே நின்று எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். அப்புறம், அந்தத் தூரத்தில் எஃப் 1.8 வைத்தால் ஏறக்குறைய 5 செ.மீ. ஆழம்தான் கூர்மையாக வரும், முகம் சற்றுத் திரும்பினாலே ஒரு கண் மங்கும். திறப்பைச் சுருக்கினால் ஆழம் கூடும் என்பதால் நான் எஃப் 2.8-இல் வைக்கிறேன்.

85 எங்கே ஜெயிக்கிறது? வெட்டவெளியில். முகம் அதே அளவில் விழுந்தால் கூர்மையின் ஆழம் இரண்டிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஆனால் 85 பின்னணியைப் பெரிதாக்கிக் கரைத்துவிடும். கடைத்தெரு போர்டுகள் எல்லாம் வெறும் நிறமாகிப் போனதைப் பார்த்து எனக்கே ஆசை வந்தது. கல்யாண வரவேற்பில் ஒரே ஒரு மாலைதான் அதைப் பயன்படுத்தினேன், அதனால் மண்டப வேலைக்கு எப்படி என்று உறுதியாகச் சொல்லமாட்டேன். கை நடுக்கத்தைத் தாங்கும் வசதி இரண்டிலும் இல்லை என்பதால் ஷட்டர் வேகத்தை 85-க்கு 1/160 நொடி, 50-க்கு 1/80 நொடிக்குக் கீழே இறக்காமல் பார்த்துக்கொண்டேன். வேகம் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும். மங்கலான மண்டபத்தில் அந்த வித்தியாசம் நன்றாகவே உறைத்தது.

ஃபுல் ஃபிரேம் (பெரிய சென்சார்) கேமரா வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு அப்படியே மாறும். அதில் 85-ஐ மாட்டினால், கிராப்பில் 50 நிற்கும் தூரத்துக்குப் பக்கத்திலேயே நிற்கலாம். அவர்கள் தயங்காமல் 85 பக்கம் போகலாம்.