பாத் மானியம்: வீட்டுக்கான பணம் அல்ல, வீடுவரை நடப்பதற்கான பணம்

அமெரிக்காவில் தெருவில் வாழும் மனநோயாளிகளைத் தேடிப்போய் உதவும் அமைப்புகளுக்குப் பல இடங்களிலிருந்து பணம் வருகிறது. அவற்றில் ‘பாத்’ தனி ரகம். வீடற்றோர் உதவிக்கான மெக்கின்னி சட்டத்தின் 1990 திருத்தம் வழியாக வந்த இந்த மானியத்தை, சாம்சா என்னும் கூட்டரசு மனநல நிறுவனம் நடத்துகிறது. நாடு முழுவதற்கும் சேர்த்து ஆண்டுக்கு ஆறரைக் கோடி டாலரை ஒட்டித்தான். மாநிலங்களுக்கு நகர்ப்புற மக்கள்தொகையை வைத்துப் பிரிக்கிறார்கள். எவ்வளவு சிறிய மாநிலமானாலும் 3 லட்சம் டாலருக்குக் குறையாது.

தொகையை மட்டும் பார்த்து ஒதுக்கிவிட வேண்டாம். தெருவில் இருப்பவர் உதவிக்கு இன்னும் ‘சரி’ என்று சொல்லாத நாட்களுக்கும் இதிலிருந்து களப்பணியாளருக்குச் சம்பளம் தரலாம். ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டில் சேர்ந்தவருக்குச் செய்த சேவைக்குத்தான் பில் போட முடியும். பாலத்தடியில் படுத்திருப்பவர் முதல் நாள் காலுறையை மட்டும் வாங்கிக்கொள்வார், பெயர் சொல்ல மாட்டார். அடுத்த வாரம் முகத்தைத் திருப்பிக்கொள்வார். அந்த நடைக்கெல்லாம் பில் போட ஏது வழி? அதைத்தான் பாத் ஏற்றுக்கொள்கிறது.

பதிவு முறையும் இதற்கேற்றபடி இருக்கிறது. வீடற்றவர்களின் விவரங்களைப் பதியும் ஹெச்எம்ஐஎஸ் என்னும் தரவகத்தில் பெயர் தெரியாதவரையும் ஏற்றலாம். ‘சிவப்புத்தொப்பி பத்தாம்தெருப்பாலம்’ என்பதுபோல ஒரு பெயரை இட்டுக்கொள்ள அதன் கையேடே அனுமதிக்கிறது. உண்மைப் பெயர் கிடைத்ததும் திருத்திக்கொள்ளலாம். ஒவ்வொரு சந்திப்பும் தேதியோடு ஏற வேண்டும். பேச்சு முற்றி, அவர் நிலையை மதிப்பிடவோ திட்டம் போடவோ தொடங்கும் நாள் ‘ஈடுபாட்டு நாள்’. இருவரும் ஒப்புக்கொண்டு அவர் பேரில் கோப்பு திறந்தால் ‘சேர்க்கை’. சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான். களப்பணியாளர் சந்திப்புகளைத் தன் நோட்டில் எழுதி வைத்திருப்பார், கணினியில் ஏற்றியிருக்க மாட்டார். கடும் மனநோய் உள்ளவரா, பாத் தகுதி உண்டா என்ற கட்டமும் காலியாகக் கிடக்கும். ஆண்டறிக்கை எடுக்கும்போது ஆறு மாத உழைப்பு கணக்கிலேயே வராது.

வீட்டுக்கான பங்கில் விதி கறார். மானியத்தில் 20 சதவீதத்துக்கு மேல் வீட்டுச் செலவுக்குப் போகக்கூடாது. 3 லட்சம் வாங்கும் மாநிலம் என்றால் 60,000 டாலர். வாடகை முன்பணம் கட்டலாம். வெளியேற்றப்படும் நிலையில் ஒரே ஒரு முறை வாடகை கட்டலாம். சிறிய பழுதுபார்ப்பும் செய்யலாம். பயனாளி கையில் ரொக்கம் தரக்கூடாது, ஆகவே காசோலை வீட்டுக்காரர் பேருக்குப் போகட்டும். இரவுத் தங்குமிடம் நடத்த, வீடு கட்ட, மருத்துவமனையில் உள்நோயாளிச் செலவைக் கட்ட இதைத் தொடவே முடியாது. இதைத் தெரியாமல் பட்ஜெட்டில் பத்துப் படுக்கை போட்டு அனுப்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

நிர்வாகச் செலவுக்கு 4 சதவீதம்தான், அதாவது அதே 3 லட்சத்தில் 12,000. இது போதவே போதாது என்பது எங்கள் கருத்து.

ஈட்டுத்தொகை இன்னொரு வேலை. மூன்று கூட்டரசு டாலருக்கு ஒரு டாலர் மாநிலத்திலிருந்தோ உள்ளூரிலிருந்தோ வர வேண்டும். பணமாகத்தான் என்றில்லை, அலுவலக இடம், வண்டி, மருத்துவர் தரும் நேரம் ஆகியவற்றை நியாயமாக விலை மதித்துக் காட்டலாம். இன்னொரு கூட்டரசு மானியத்தை ஈடாகக் காட்டினால் தணிக்கையில் மாட்டும். மருத்துவரின் நேரத்தை ஈடாகக் காட்டினால் அதற்கு மாதாமாதம் கையெழுத்து வாங்கி வைப்பது நல்லது. ஆண்டுக் கடைசியில் மொத்தமாக எழுதிய தாளைத் தணிக்கையாளர் சும்மா விடமாட்டார்.

தொண்டு நிறுவனம் நேராக சாம்சாவிடம் விண்ணப்பிக்க முடியாது. பணம் மாநில மனநலத் துறைக்கு வந்து, அங்கிருந்து உள்ளாட்சிகளுக்கும் இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கும் போகிறது. ஆகவே பழக வேண்டியது மாநிலத் துறையில் இருக்கும் பாத் ஒருங்கிணைப்பாளரோடு. பணம் பெறும் ஒவ்வொரு அமைப்பும் என்ன செய்யப்போகிறது என்று செலவுத் திட்டம் எழுதித் தர வேண்டும். போதைப் பழக்கம் இருக்கிறது என்று மனநோயாளியைத் திருப்பி அனுப்புவதைக் கொள்கையாக வைத்திருக்கும் இடத்துக்குப் பணம் கிடையாது. சட்டத்திலேயே உள்ள இந்த விதி பொன்னானது. மனநோயும் மதுவும் சேர்ந்தே இருப்பவரை இங்கும் அங்குமாக அலையவிடும் பழக்கத்துக்கு அது பூட்டுப் போடுகிறது.

சேர்க்கைக்குப் பிறகு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது சேவைத் திட்டத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். கூடவே, வீடற்றவர்களுக்கு உதவித்தொகை விண்ணப்பம் போட்டுக்கொடுக்கும் ‘சோர்’ முறையில் பயிற்சி பெற்ற ஒருவரை வைத்துக்கொண்டால், வருமானம் குறைந்த மாற்றுத்திறனாளிகளுக்கும் முதியவர்களுக்கும் கூட்டரசு தரும் எஸ்எஸ்ஐ உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது எளிது. 2025-இல் அதில் கூட்டரசின் பங்கு தனி நபருக்கு மாதம் அதிகபட்சம் 967 டாலராக இருந்தது. பாத் முன்பணம் கட்டிப் பிடித்துக் கொடுத்த அறைக்கு, அடுத்த மாத வாடகை இந்த உதவித்தொகையிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

கள ஆள் இரண்டு பேரும் ஒரு வண்டியும் வைத்து, மனநல மையத்தோடு ஏற்கெனவே இணைந்து வேலை செய்யும் அமைப்புக்கு இந்த மானியம் கச்சிதமாகப் பொருந்தும். படுக்கை வேண்டுமென்றால் வீட்டுவசதித் துறையான ஹெச்யூடியின் மானியங்களைப் பாருங்கள்.